டீ மேக்கர் துண்டை மறுக்கவில்லை

போன மாதம் ஒரு நாள் காலையில் எஸ்டேட் கிளப்புப் பக்கம் போயிருந்தேன். வேலை ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும். டென்னிஸ் கோர்ட்டு ஓரத்தில் விருந்தாளிகள் நாலு பேரை உட்காரவைத்து திவ்யா பேசிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆடினால் எவ்வளவு கலோரி எரியும், இதயத்துக்கு எப்படி நல்லது, எலும்புக்கு எப்படி நல்லது என்று விரல் மடக்கிச் சொன்னாள். கடைசியாக இதையும் சொன்னாள்: "ஆனா உக்காருன்னா உக்காந்தறோணுமுங்க. முன்ன இங்க ஒரு டீ மேக்கரு, துண்டு நீட்டியும் உக்காரமாட்டேன்னு ஆடி, கோர்ட்டுலயே உழுந்துட்டாருங்களாமா."

எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. அந்தக் கதை பொய். பொய்யைச் சொன்னவள் நான்.

திவ்யா இப்போதைய கோச். ஊர் பாலக்காட்டுப் பக்கம் மீனாட்சிபுரம். அப்பா பால் மாடு வைத்திருக்கிறார். நல்ல பிள்ளை, என்னைப் பாட்டி முறை வைத்து அம்மிச்சி என்றுதான் கூப்பிடுவாள். கிளப்புக்கு ஒரு மலர் போடுகிறார்களாம், அதில் பழைய ஆள் ஒருத்தியின் அனுபவம் வேண்டுமாம். நாலு மாதமாக என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எனக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது என்றேன்.

"நீங்க சும்மா பேசுங்க அம்மிச்சி. போன்ல புடிச்சு நா எழுதிக்கறேன்."

"கண்டதையும் பேசுவேனே தாயி."

"கண்டதையெல்லாம் வெட்டிப்போட்டறனுங்க."

வெட்டக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இப்போது பேசுகிறேன். டென்னிஸ் நல்லதா என்று கேட்டால் விடிய விடியச் சொல்வேன், அவ்வளவு நல்லது பார்த்திருக்கிறேன். டீ மேக்கர் செல்வராஜ் சாருக்கு நான் செய்ததையும் சேர்த்துத்தான் போட வேண்டும். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்ளட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. பள்ளிக்கூடம் போனவள் மாதிரி தெரிவேன்.

நான் மாடத்தி. எங்கள் தாத்தா காலத்தில் சங்கரன்கோயில் பக்கமிருந்து இந்தத் தேயிலை மலைக்கு வந்தவர்கள் நாங்கள். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தேன், பத்து வருஷம் கொழுந்து பறித்தேன். ஒரு மழைக்காலம் முடிந்து கோர்ட்டைச் சரிபண்ண ஆள் கேட்டார்கள். உருளை இழுக்க வந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் மூன்றாம் நாள் நின்றுவிட்டார்கள். நான் இழுத்தேன். மார்க்கர் ஐயா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாளைக்கும் வா," என்றார். அந்த நாளைக்கு முப்பது வருஷம் ஓடியது. நான் வேலைக்குச் சேர்ந்த கதை அவ்வளவுதான்.

மார்க்கர் என்றால் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டு, ஆள் குறைந்தால் மெம்பர்களோடு ஆடவும் செய்கிறவர். எங்கள் மார்க்கர் பெயர் தங்கையா. ஒல்லியான மனுஷர். வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் ஒரு புள்ளி அழுக்குப் பட்டாலும் சாக்பீஸை எடுத்துத் தேய்ப்பார். முப்பது வருஷத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதையும் ஒரு தடவைதான் கேட்பார், ஒரு தடவைதான் சொல்வார். இரண்டாம் தடவை அவரைச் சொல்லவைத்தால் அது நமக்குத்தான் அவமானம் என்பது மாதிரி ஒரு பார்வை.

எங்களுடையது மண் கோர்ட்டு. காலையில் போனதும் முதல் வேலை, காட்டெருமை நடந்திருக்கிறதா என்று பார்ப்பது. நடந்திருந்தால் குளம்புக் குழி ஒவ்வொன்றையும் சலித்த மண் போட்டு அடைத்து, நனைத்து, கையால் தட்ட வேண்டும். பிறகு கயிற்றுப் பாயை இழுத்துப் பரவலாக்கி, பூவாளியில் தண்ணீர் தெளித்து, உருளை. அதற்குப் பிறகு கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு. வலை உயரத்துக்கு அளவுகோல் கிடையாது. நடுவில் ஒரு மட்டையை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் இன்னொரு மட்டையின் தலையைக் குறுக்காக வைத்தால் எதுவரை வருகிறதோ அதுதான் உயரம். படிக்காதவளுக்கு இதைவிட நல்ல கணக்கு உண்டா. பந்தைத் தோள் உயரத்திலிருந்து விட்டால் இடுப்புவரை எழும்ப வேண்டும். எழும்பாத பந்து லயத்துப் பிள்ளைகளுக்கு. அட்டையைச் சொல்ல மறந்தேன். மழை முடிந்த புதிதில் பெஞ்சுக்கு அடியில் அட்டை ஏறும். மெம்பர்கள் உட்காருவதற்கு முன்னால் உப்பு மூட்டையால் ஒற்றி எடுப்பதும் என் வேலைதான். ஒரு தடவை டவுனிலிருந்து வந்த ஒரு அம்மா, சரி, அது இப்போது வேண்டாம்.

துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கோர்ட்டில் ஆடுகிறவர்களிடம் போய், போதும் உட்காருங்கள் என்று நாங்கள் சொல்ல முடியாது. அவர்கள் துரைமார், ஆபீசர்மார், நாங்கள் வேலைக்காரர்கள். அதனால் மார்க்கர் ஐயா ஒரு முறை வைத்திருந்தார். மூன்றாக மடித்த வெள்ளைத் துண்டு இடது தோளில் இருக்கும். ஆடுகிறவருக்கு முடியவில்லை என்று நமக்குத் தெரிந்துவிட்டால், அவர் கேட்காமலேயே போய் இரண்டு கையாலும் துண்டை நீட்ட வேண்டும். பேசக் கூடாது. முகத்தைப் பார்க்கக் கூடாது, தரையைப் பார்க்க வேண்டும். நீட்டினால் வாங்கி, வேர்வை அடங்குகிறவரை பெஞ்சில் உட்கார வேண்டும். ஒரு தடவை ஜெனரல் மேனேஜரே ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் இருக்கும்போது ஐயா துண்டை நீட்டினார். மேனேஜர் முறைத்தார், பல்லைக் கடித்தார், உட்கார்ந்தார். எங்கள் கோர்ட்டில் துண்டை மறுத்தவர் என்று ஒருத்தரும் இல்லை.

யாருக்கு எப்போது நீட்டுவது என்பதற்கும் முறை உண்டு. ஒவ்வொரு கேம் முடிந்ததும் பந்தைக் கையில் கொடுக்கிற சாக்கில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

"ஆமா, இல்லன்னு பதில் வர்ற கேள்வி கேக்காத," என்றார் ஐயா. "பத்து வார்த்தை பேசவைக்கிற கேள்வியாக் கேளு. பத்தும் வருதான்னு பாரு. வார்த்தை சுருங்குனா காலைப் பாரு. கால் இழுத்தா, சர்வீசுக்குப் பந்தைத் தூக்கிப் போடுத கையப் பாரு. பந்து தலைக்கு மேல போகாம பக்கத்துல சாஞ்சு போச்சுன்னா துண்டை எடு."

வார்த்தை, கால், கை. எனக்கு மனப்பாடம். சொன்னால் நம்பமாட்டீர்கள், பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரரைக்கூட நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

முன்பெல்லாம் ஆபீசர்மார் மட்டும்தான் ஆடுவார்கள். அப்புறம் எஸ்டேட் ஆசுபத்திரிக்கு ஒரு டாக்டர் வந்தார், மலையாளி. ஆபீசர்மாருக்குக் கீழே கிளார்க், டீ மேக்கர் என்று இருக்கிறவர்களை ஸ்டாப் என்போம். ஸ்டாப் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு சர்க்கரை, பிரஷர் என்று பார்த்துவிட்டு, கமிட்டியோடு மல்லுக்கட்டி வாரத்தில் மூன்று சாயங்காலம் கோர்ட்டை ஸ்டாப்புக்கு வாங்கிக் கொடுத்தார். "மருந்து பாதி, கோர்ட்டு பாதி, கேட்டோ," என்பார் எல்லாரிடமும். அவர் சொன்னதை நான் அப்படியே பிடித்துவைத்திருக்கிறேன். நடந்தால் ஒரே வேகம். டென்னிஸ் அப்படி இல்லையாம். ஓட வேண்டும், நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி ஓட வேண்டும். நெஞ்சு ஏறி ஏறி இறங்குவதால் அதற்குப் பலம் கூடுகிறதாம். மண்ணில் குதித்து மிதிக்க மிதிக்க எலும்பு உறுதியாகுமாம். பந்து எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பதால் மூளை தூங்காதாம். எல்லாவற்றுக்கும் மேல், நாலு பேர் சேர்ந்து சிரிக்கிறார்களே, அதற்கு மாத்திரை எங்கும் விற்கவில்லை என்பார்.

உண்மைதான், கண்ணால் பார்த்தேன். ஆபீஸ் கிளார்க் அம்மா ஒருத்தருக்கு மாத்திரை இல்லாமல் தூக்கம் வராது. ஆட ஆரம்பித்து மூன்றாம் மாதம், "மாடத்தி, நேத்து எட்டு மணிக்கே தூங்கிட்டேன், சோறு வடிக்கக்கூட இல்ல, ஊட்டுக்காரரு பட்டினி," என்று சந்தோஷமாகச் சொன்னார். பீல்டு ஆபீசர் ஒருத்தர், பெயரில்தான் ஆபீசர், அவரும் ஸ்டாப்தான், பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட ஆணியும் சுத்தியலும் என்னிடம்தான் வாங்கினார். ஸ்டாப் ஆடுகிற சாயங்காலம் எனக்குத் திருவிழா மாதிரி இருக்கும். அவர்களுக்கு ஆடத் தெரியாது. பந்து தேயிலைக்குள் போகும், நான் ஓடுவேன். ஓடி ஓடி எனக்கும் ஒரு வியாதியும் இல்லை. இன்றைக்கும் ஆசுபத்திரியில் என் பிரஷரைப் பார்த்துவிட்டு நர்ஸ் மறுபடியும் பார்ப்பாள்.

அவர்களில் ஒருத்தர்தான் டீ மேக்கர் செல்வராஜ் சார். டீ மேக்கர் என்றால் பேக்டரியில் கொழுந்து வாடுவதிலிருந்து தூள் பெட்டிக்குப் போகிறவரை பொறுப்பு. ஷிப்டு கணக்கில்லாத வேலை. பருத்த உடம்பு, சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அவர் சம்சாரம் கமலா டீச்சர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இருந்தார். டீச்சர்தான் அவரைக் கோர்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தவர். முதல் நாள் கேட் பக்கமே நின்று என்னிடம், "மாடத்தி, இவுகள ஒங்கையில ஒப்படைக்கேன். ஓடலேன்னா வெரட்டு," என்றார்.

"வெரட்டுனா எந்தப் பக்கம் ஓடுவாகளோ டீச்சர்," என்றேன்.

"எந்தப் பக்கம் ஓடுனாலும் சரி. ஓடுனா போதும்."

பத்து அடி ஓடினால் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், ஆறு மாதத்தில் பேக்டரி மாடிப்படியில் நிற்காமல் ஏறினார். டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். நல்ல மனுஷர், கேள்வி கேட்டால் பத்து வார்த்தை இல்லை, நூறு வார்த்தை பேசுவார். இன்றைக்கு எந்த மலைக் கொழுந்து, எப்படி வாடியது, வாசம் எப்படி வந்தது என்று என்னிடம் சமமாக நின்று சொல்வார். பறித்தவளுக்கே தெரியாத விஷயம் எல்லாம் எனக்கு அவரால்தான் தெரியும்.

அவர் மகன் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அவன் அப்பாவுக்கு ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினான். எத்தனை கலோரி எரிந்தது என்று அது காட்டும். ஒரு நாளுக்கு ஐந்நூறு என்று மகன் அதில் போட்டுக்கொடுத்திருந்தான். பச்சையாக ஒரு வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். ஐந்நூறு ஆனால் முழு வட்டம். எழுத்துத் தெரியாத எனக்கே அது புரிந்தது.

ஒரு நாள் காலை, லீவில் இருந்தார் போல, நான் உருளையை எடுக்கும் நேரம் வந்தார்.

"மாடத்தி, கையக் காட்டு."

"என்னத்துக்கு சார்?"

"ஒனக்கு எம்புட்டு எரியுதுன்னு பாப்பமே."

என் வளையலைத் தள்ளிவிட்டு வாட்ச்சைக் கட்டிவிட்டார். நான் வழக்கம்போல் வேலை செய்தேன். உருளை, தண்ணீர், கோடு. முடித்துவிட்டுக் கையை நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏ, நானூத்து இருவது. நேத்து அம்புட்டு நேரம் ஆடி எனக்கு முந்நூத்துச் சொச்சம்தான். நாங்க வெளையாடுதோம், நீதான் கசரத்து எடுக்க."

சாயங்காலம் எல்லாரிடமும் சொன்னார். அப்படியானால் மாடத்திக்குத்தான் கிளப் மெம்பர்ஷிப் கொடுக்க வேண்டும் என்று கிளார்க் அம்மா கேலி பண்ணினார். நான் அன்றைக்கு லயத்தில் பத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், நானூற்று இருபது என்று. கொழுந்து பறித்த காலத்தில் எடை போட்டார்கள், ஆனால் அது கொழுந்தின் எடை. நான் பட்ட பாட்டை அளந்து ஒரு எண் சொன்னது அந்த வாட்ச் ஒன்றுதான். அதன் மேல் எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. என்னையே சரியாகக் கண்டுபிடித்துவிட்டதே, இது பொய் சொல்லாது என்று நினைத்தேன்.

அந்த மார்கழியில் மார்க்கர் ஐயா கண் ஆபரேஷனுக்காகப் போடிக்குப் போனார். ஒரு வாரம் கோர்ட்டு என் பொறுப்பு. துண்டுகளை எண்ணி என் கையில் கொடுத்தார். "பாத்துக்கோ," என்றார், அவ்வளவுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எண்ணெய் வைத்துத் தலை சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டு பேர்தான் வந்தார்கள், பீல்டு ஆபீசரும் செல்வராஜ் சாரும். பேக்டரியில் மெஷின் பழுதாகி இரண்டு நாளாக சார் சரியாகத் தூங்கவில்லை. நேராக அங்கிருந்து வந்திருந்தார். இரண்டு பேர் ஆடினால் ஓட்டம் இரட்டிப்பு. நாலு கேம் முடிந்ததும் பந்தைக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"சார், இன்னைக்கு எந்த மலைக் கொழுந்து வந்துச்சு?"

"மேல் மலை," என்றார். அதோடு நிறுத்திவிட்டார்.

வார்த்தை சுருங்கிவிட்டது. காலைப் பார்த்தேன். இடது கால் சரி, வலது கால் மண்ணில் கோடு போட்டது, அதுவும் நான் சாயங்காலம் இழைத்துவைத்த மண். சர்வீசுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டார், பக்கத்தில் சாய்ந்தது. பிடித்து மறுபடி போட்டார், மறுபடி சாய்ந்தது. மூன்றும் ஆகிவிட்டது. நான் தோளிலிருந்து துண்டை எடுத்தேன். கையில் எடுத்துவிட்டேன். இரண்டு அடிகூட வைத்தேன்.

அவர் பார்த்துவிட்டார். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாட்ச் கட்டிய கையை என் பக்கம் நீட்டினார்.

"பொறு மாடத்தி. நீட்டிராத. இந்தா பாரு, இன்னும் கொஞ்சம்தான்."

பார்த்தேன். பச்சை வட்டம் ஏறக்குறைய மூடிவிட்டது. ஒரு விரற்கடைகூட இல்லை இடைவெளி. முகத்தில் ஒரு பிள்ளைச் சிரிப்பு. ஒரு எழுத்து அறியாத என் கண் பெரிதா, இத்தனை எண் காட்டுகிற மெஷின் பெரிதா? துண்டை மடிப்புக் கலையாமல் தோளில் போட்டுக்கொண்டேன்.

நீட்டியிருந்தால் வாங்கியிருப்பார். பொறு என்று சொன்னாலும் வாங்கியிருப்பார், மேனேஜரே வாங்கினார். அவர் கேட்டதெல்லாம் நீட்டாதே என்பதுதான். நீட்டினதை அவர் தட்டிவிடவில்லை.

அதற்குப் பிறகு இரண்டாவது கேமில் மட்டை கையிலிருந்து விழுந்தது. அவர் மட்டையைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, பாயில் உட்காருவது மாதிரி, கோர்ட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஓடிப்போய் அப்போதுதான் அந்தத் துண்டை விரித்தேன், வாயைத் துடைக்க. வட்டம் மூடியதா என்று நான் பார்க்கவில்லை.

ஜீப்பில் ஆசுபத்திரி, அங்கேயிருந்து ஆம்புலன்சில் கீழே பெரிய ஆசுபத்திரி. பிழைத்துக்கொண்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. காது கேட்கும், புத்தி தெளிவு, எல்லாம் புரியும். நாக்குத்தான் வரவில்லை. ஒரு கேள்விக்கு நூறு வார்த்தை பேசிய மனுஷர்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மார்க்கர் ஐயா திரும்பி வந்தார். கோர்ட்டு ஓரத்தில் நின்று ஒரு தடவை கேட்டார்.

"துண்டு நீட்டுனியா?"

நீட்டவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும், மறுபடி மலையில் கூடை. அதைவிட, அவர் பார்க்கிற அந்தப் பார்வை. "நீட்டுனேன்யா. வாங்கல," என்றேன்.

அவர் ஷெல்பில் இருந்த துண்டுகளைப் பார்த்தார். மடிப்பு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். கமிட்டியில் என் வார்த்தையைத்தான் சொன்னார். துண்டுக்கு மதிப்புக் கொடுக்காத ஸ்டாப்புக்குக் கோர்ட்டு வேண்டாம் என்று கமிட்டி முடிவு பண்ணியது. மூன்று சாயங்காலமும் போயிற்று. டாக்டர் போராடிப் பார்த்தார். அடுத்த வருஷம் மாற்றலாகிப் போய்விட்டார். கிளார்க் அம்மாவை வழியில் பார்த்தால் மறுபடி மாத்திரைதான் என்று சொல்வார். செல்வராஜ் சாரைத்தான் எல்லாரும் குறை சொன்னார்கள். அவர் கேட்டிருந்தால் நமக்கு ஆட்டம் போயிருக்குமா என்று.

மார்க்கர் ஐயா அதற்குப் பிறகு துண்டை என் கையில் கொடுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. ஓய்வு பெற்று ஊருக்குப் போகும் நாள்வரை அவரே தோளில் போட்டுக்கொண்டார். நான் உருளை இழுத்தேன், பந்து பொறுக்கினேன். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். அவர் இரண்டாம் தடவை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஒரு தடவை டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், உட்கார்ந்திருந்தால் வந்திருக்காதா என்று. "உட்கார்ந்தாலும் வரும், வராமலும் போகும். அது யாரும் பறையான் பற்றில்லா மாடத்தி," என்றார், யாராலும் சொல்ல முடியாது என்று. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச காலம் தூங்கினேன். ஆனால் வியாதி ஒன்று, பழி ஒன்று. வியாதியை நான் கொண்டுவந்தேனோ இல்லையோ, பழியை நான்தான் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போவேன். பழைய பந்து ஒன்றை அவர் வலது கையில் வைத்து விரலை மடக்கி மடக்கி அமுக்கவைப்பேன், டாக்டர் சொன்ன பயிற்சி. டீச்சருக்கு என் மேல் அவ்வளவு பிரியம். "எல்லாரும் மறந்துட்டாக, நீ ஒருத்திதான் வார," என்பார். காப்பி கொடுப்பார். கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்புவார்.

"துண்டு நீட்டுனால்லா இவ? வாங்கி உக்காந்தா கொறஞ்சா போயிருப்பீக?"

அவர் தலையை இல்லை என்று ஆட்டுவார்.

"பாரு மாடத்தி, இன்னும் வீம்பு போகல," என்பார் டீச்சர்.

வீம்பு இல்லை, உண்மையைத்தான் சொல்கிறார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். அவர் என்னைப் பார்ப்பார். கோபமாகப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கோபம் இருக்காது; சும்மா பார்ப்பார், நான் பேசுவேன் என்று காத்திருக்கிற மாதிரி. ஒரு நாள் டீச்சர் உள்ளே போனதும், "சார், சொல்லிரட்டுமா?" என்று கேட்டேன். இடது கையால் என் கையைப் பிடித்து இரண்டு தடவை அசைத்தார். வேண்டாம் என்றாரா, சொல் என்றாரா? எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன்.

பிறகு மகன் அவர்களைக் கஞ்சிக்கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வருஷத்துக்கு ஒரு தடவை போனேன், இரண்டு வருஷம் போகவும் இல்லை. போன ஆடி மழையில் சார் இறந்துவிட்டார். மண் சரிந்து பஸ் இல்லாததால் பதினாறாம் நாளுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். வந்தவர்கள் போன பிறகு டீச்சர் அடுக்களையில் மிஞ்சிய வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அன்னைக்கு நான் துண்டு நீட்டல."

"என்ன சொல்லுத?"

எல்லாவற்றையும் சொன்னேன், வாட்ச், வட்டம், ஐயா கேட்டது, நான் சொன்னது. டீச்சர் வெற்றிலையைக் கீழே வைக்கவே இல்லை.

"அப்ப அவுக தலைய ஆட்டுனது?"

"உண்மையத்தான் சொன்னாக டீச்சர்."

"ஆறு வருசம் மாடத்தி. ஒவ்வொரு நேரமும் சோறு ஊட்டையில அதையேதான் சொன்னேன். அவுக தலைய ஆட்டுவாக. வீம்பு புடிக்காம வாயத் தொறங்கன்னு சத்தம் போடுவேன். நீ பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்ச."

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"எங்கிட்ட எதுக்குக் கேக்க? அவுககிட்ட நீயும் கேக்கணும், நானும் கேக்கணும். எங்க போயிக் கேக்க?"

பஸ் நேரம் வரை அங்கேயே இருந்தேன். செருப்பை மாட்டும்போது டீச்சர் உள்ளேயிருந்தே, "கிளப்புலயும் சொல்லு. அவுகளப் பத்தி அங்க என்ன பேசிக்கிட்டு இருக்காகளோ," என்றார்.

சொன்னேனா? இல்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளினேன். போன மாதம் திவ்யா அந்த விருந்தாளிகளிடம் சொன்னதைக் காதால் கேட்கிறவரை தள்ளினேன். அதனால் கிளப்புக்கு இதைச் சொல்கிறேன்: செல்வராஜ் சார் துண்டை மறுக்கவில்லை. கோர்ட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் வாட்ச்சைப் பார்க்கட்டும், கலோரி எண்ணட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்டுப் பதிலையும் கேளுங்கள்.

பேசி முடித்ததும், சார் பெயரைப் போடலாமா என்று டீச்சரிடம் கேட்கச் சொன்னேன். திவ்யா போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டாள்.

"போடுங்க," என்றார் டீச்சர். "முழுப் பேரும் போடுங்க."

"அச்சானதும் ஒரு புஸ்தகம் உங்களுக்குத் தாரோமுங்க," என்றாள் திவ்யா.

நான் பக்கத்தில் இருப்பது டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"தபால்ல அனுப்பிருங்க. மாடத்தி கொண்டுவர வேண்டாம்."